அன்புள்ள அம்மாவுக்கு

“மெயிலைத் திறந்தா ஒரே குப்பைடா. ஒழிச்சுக் கொடு” என்று அம்மா போனை நீட்டினாள். மகன் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தான்.

“இதைப் பாரு! ‘அன்புள்ள அம்மாவுக்கு, மூட்டுவலி தேவலையா?’ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். நீதான் எழுதியிருக்கேன்னு ஆசை ஆசையா திறந்தேன். கடைசில பார்த்தா தைலம் விக்கிறான்!”

மகனின் விரல் அப்படியே நின்றது.

“இவனைப் பெத்தவ வயித்துல பெரண்டையத்தான் வச்சுக் கட்டணும்.”

“பெத்தவளை எதுக்கும்மா இழுக்கிறே?”

“உனக்கு ஏன்டா கோபம் பொத்துக்கிட்டு வருது?”

அவன் தலை நிமிரவில்லை. அம்மா நினைத்ததில் தப்பே இல்லை. அவன்தான் எழுதியிருந்தான், ஆபீஸில் உட்கார்ந்து, முகம் தெரியாத லட்சம் அம்மாக்களுக்கு.

பெற்றவளுக்கு அவன் எழுதிய முதல் கடிதமும் அதுதான்.