ஊறிய கல்

டெல்டா மண்ணில் கல் கிடையாது. கருமாதியில் இறந்துபோன செழியனாக நினைத்து ஊன்ற ஒரு கல் வேண்டியிருந்தது. அப்பா ரெத்தினம் மகனின் தோள்பையில் கிடந்த கருப்புக் கல்லை எடுத்துக்கொண்டார். அது செழியன் அகழாய்வுக் குழியில் எடுத்த எரிமலைக் கண்ணாடி என்று அவருக்குத் தெரியாது. மருமகள் இசைவாணிக்குத் தெரியும். அவளும் அதற்குப் பால் ஊற்றினாள். சடங்கு முடிந்ததும் கல்லை வெண்ணாற்றில் விட்டார்கள்.

அந்த வகைக் கண்ணாடியை உடைத்தாலோ அறுத்தாலோ, புதிதாகத் தெரியும் பக்கத்துக்குள் அன்றிலிருந்து ஈரம் மெல்ல ஊறும். ஊறிய ஆழத்தை அளந்து வயது சொல்வதுதான் ஆய்வகத்தில் இசைவாணியின் வேலை. செழியன் கொண்டுவந்த கல்லிலும் அவள் ஒரு சீவல் அறுத்து வைத்திருந்தாள்.

சம்பா அறுவடைக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கம் புதிதாக அகழாய்வுக் குழி தோண்டினார்கள். ஆளுயர ஆழத்தில், யாரும் தோண்டிக் கலைக்காத பழைய வண்டலுக்குள் ஒரு கருப்புக் கல் கிடைத்தது. இசைவாணியிடமிருந்த சீவல் அதில் அப்படியே பொருந்தியது. அறுப்புச் சக்கரத்தின் கோடுகள்கூடச் சேர்ந்துகொண்டன. போன வருஷம் தான் அறுத்த அந்தப் பக்கத்தில் எவ்வளவு ஈரம் ஊறியிருக்கிறது என்று அளந்தாள். மறுபடியும் அளந்தாள். ஒரு வருஷத்தில் ஊறக்கூடிய ஆழம் இல்லை அது.

சாயங்காலம் ரெத்தினம் கேட்டார். "ஏதோ கல்லு கெடச்சுதாமே. எவ்வளவு பழசும்மா?"

"தண்ணிக்குள்ள போயி மூவாயிரம் வருஷம் இருக்கும், மாமா."

"அடேயப்பா. யாரு கருமாதிக் கல்லோ. அப்ப அழுதவங்கள்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பாங்க."

இசைவாணி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். அடுத்த வாரம்தான் செழியனுக்கு முதல் வருஷத் திதி.