முள் நடுவில்தான் நின்றது

“பயப்படாதீங்கம்மா, இது பறக்காது” என்றார் தலைமைப் பயிற்சியாளர். “நீங்க எவ்வளவு இழுத்தாலும் இந்த ரூமை விட்டு நகராது.”

அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். விமானப் பயிற்சிப் பள்ளியின் சிமுலேட்டர் அது. ஒரு விமானத்தின் மூக்கை மட்டும் அறுத்து வைத்தது போன்ற பெட்டி, எதிரே திரை, திரை நிறைய சாம்பல் மேகம்.

போன வாரம் அவள் மகள் இப்படி ஒரு மேகத்துக்குள் போய்த்தான் மலையில் மோதினாள். இருக்கை அம்மாவின் உயரத்துக்குச் சரியாக இருந்தது. கடைசியாக அதை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தவள் மகள்.

பயிற்சியாளர் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். சுவரில் பள்ளியின் விமானங்களைப் படமெடுத்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு விமானத்தையும் முக்கால்வாசி மறைத்தபடி அவரே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் விசாரணைக் குழு வருகிறது. அதற்குள் பெற்றவளைச் சம்மதிக்க வைத்துவிட்டால், தப்பு செத்தவள் பேரிலேயே தங்கிவிடும். பள்ளிக்கு நல்லது, படங்களுக்கும் நல்லது.

“எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும் சார். அவ தப்பா, இல்ல வேற யாரோட தப்பாவது இருக்கா? அது தெரியாம என்னால கண்ணை மூட முடியல.”

“அதைத்தாம்மா காட்டப் போறேன். வீட்டோட இருக்கிறவங்களுக்கும் புரியற மாதிரி சொல்றதுல எனக்குன்னு ஒரு பேரே இருக்கு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “தரையில ஒரு ரேடியோ நிலையம் இருக்கு. அது சிக்னல் அனுப்பும். இந்த முள்ளு நடுவுல நின்னா நாம சரியான பாதையில போறோம். முள்ளு ஒதுங்கினா நாம ஒதுங்கிட்டோம். அவ்வளவுதான் சாஸ்திரம். மொதல்ல நிலையத்தோட அலைவரிசையை வைக்கணும். இருங்க, நம்பர் சொல்றேன்.”

கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். படிக்கும் கண்ணாடியைச் சட்டைப்பையில் துழாவி எடுத்தார். வரைபடத்தை மூக்குவரை கொண்டுபோய், எண்ணைக் கண்டுபிடித்து நிமிர்ந்தபோது, அம்மா அதை ஏற்கெனவே கருவியில் சரியாக வைத்திருந்தாள்.

“பாத்தீங்களா! என் பக்கத்துல பத்து நிமிஷம் உக்காந்தா யாருக்கும் வந்துடும்” என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் ‘டிட் டா டிட், டா டிட்’ என்று மெல்லிய கூவல் எழுந்தது. பயிற்சியாளர் கொசுவை விரட்டுகிற முகத்தோடு ஒரு குமிழைத் திருகி அதை அடக்கினார்.

“அது எதுக்கு சார் கத்துது?”

“நிலையம் தன் பேரைச் சொல்லுதும்மா, தந்தி பாஷையில. குக்கர் விசில் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். சத்தம் வந்தா நிலையம் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். பழுது பாக்கறப்போ சத்தத்தை மட்டும் நிறுத்திடுவாங்க. அப்பவும் முள்ளு நடுவுல நிக்கும், ஆனா அது காட்டற பாதை தப்பா இருக்கலாம். நம்பக் கூடாது.”

“அப்ப அதைக் கேட்டுட்டுத்தானே முள்ளைப் பாக்கணும்?”

“புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கான்.” அவர் சிரித்தார். “புத்தகம் எழுதினவன் என்னைக்கு விமானம் ஓட்டினான்? எனக்குத் தெரிஞ்சு அந்தச் சத்தம் ஒரு நாள் நின்னதில்ல. கீச்சு கீச்சுன்னு பசங்க கவனத்தைக் கெடுக்குது. ‘சத்தத்தைக் கொறை, முள்ளைப் பாரு.’ என்கிட்ட படிச்ச யாரை வேணா கேளுங்க, இதைத்தான் சொல்வாங்க.”

“என் பொண்ணுகிட்டயும் சொன்னீங்களா?”

“சொல்லாமலா? சொன்னதை அப்படியே செய்யற பொண்ணாச்சே!” வாய் முந்திவிட்டது. அது தன் கட்சிக்கு ஆகாது என்று உறைத்ததும் குரலைத் தாழ்த்தினார். “இருந்தாலும் தூரமாத் தனியாப் போனது அதான் மொதல் தடவை. வழியில மேகம் எறங்கவும் பதறியிருப்பா. முள்ளை விட்டு விலகியிருப்பா. போறதை வீட்ல கூட சொல்லலையாமே?”

“முடிச்சிட்டு வந்து சொல்லலாம்னு இருந்திருப்பா.”

“அதான் பாருங்க. விளையாட்டு புத்தி.” அவர் அவள் தோளைத் தட்டப் போய், வேண்டாமென்று இருக்கையைத் தட்டினார். “முள்ளை விட்டு விலகினதுதாம்மா அவ பண்ணின தப்பு. நாளைக்கு அவங்க கேட்டா நீங்களும் அதையே சொல்லிடுங்க. எல்லாருக்கும் நிம்மதி.”

அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

“அவ விலகல சார். மோதற வரைக்கும் முள்ளு நடுவுலதான் நின்னிருக்கும். அந்த நேரத்துல பாதையே மலைப்பக்கமா சாஞ்சு கெடந்துச்சு.”

“ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்தா இதான் வம்பு” என்று பயிற்சியாளர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கினார். “வீட்ல உக்காந்திருந்த உங்களுக்கு அது எப்படிம்மா தெரியும்?”

“நான் வீட்ல இல்ல சார். அன்னைக்கு அந்த நிலையத்துல எனக்கு டூட்டி.”

அவள் எட்டி, அவர் அடக்கி வைத்த குமிழைத் திருப்பினாள். டிட் டா டிட், டா டிட். அறை முழுக்க அது கூவியது.

“இந்தச் சத்தத்தை நிறுத்தினது நான்தான்.”