வீட்டில் அடைத்த தோட்டா

“துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த மனுசன், இஞ்சை வந்து தோட்டா அடைக்கிறியள். வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ, சிரிப்பினம்,” என்றாள் மனைவி மனோகரி.

“நீ சிரிக்கிறதே காணுமப்பா,” என்றான் தவச்செல்வன்.

சுவிஸில் துன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் அவன் தட்டுக் கழுவுகிறவன். முதலாளி புர்க்கிக்குத் துப்பாக்கிப் பைத்தியம். கடைத் தோட்டா பிடிக்காது. வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, தவச்செல்வனை உதவிக்கு வைத்து வீட்டிலேயே அடைத்து, முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடுவார். தொலைநோக்கியில் பார்த்து, குண்டு நடுவில் பட்டதா என்று தெரிவிப்பது தவச்செல்வன். முதலாளி அட்டையைப் போய்ப் பார்ப்பதே இல்லை. இவனை அவ்வளவு நம்பினார், பாவம்!

“அதை விடுங்கோ. குசினி வேலை என்னாச்சு? தட்டுக் கழுவிக் கழுவிக் கையெல்லாம் வெடிச்சுப்போச்சு.”

“போன மாசமே முதலாளி மெஷின் இரைச்சலுக்குள்ளை வந்து, சமைக்க வாறியோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு தலையாட்டினன். பிறகு மூச்சில்லை. உந்தத் தோட்டா சரிவந்தால்தான் மற்ற அலுவல் ஓடும்போல. நடுப்பொட்டிலை பட்டாலும் அந்தாளுக்குக் காணாது, உடனை மருந்தை மாத்திப்போடும். சுவிஸ்காரர் எண்டால் சும்மாவே!”

சனிக்கிழமை சுடுதளத்தில் முதலாளி காதுமூடியை மாட்டிக்கொண்டு சுட்டார். திரும்பிப் பார்த்தார். நடுப்பொட்டு! தவச்செல்வன் பல்லெல்லாம் தெரியச் சைகை காட்டினான். முதலாளியின் முகம் தொங்கிப்போனது. அடுத்த குண்டும் நடுவில். முகம் இன்னும் தொங்கியது.

“போதும். துப்பாக்கியை விற்கப் போகிறேன்,” என்று வெறுத்துப்போய் அட்டையைக் கழற்றி வரப் போனார். திரும்பி ஓடிவந்தார்.

“எல்லாம் நடுவில்! பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் இல்லை, இல்லை என்றாய்?”

“ஐயோ, நைன் இல்லை! யா, யா!” என்று ஜெர்மன் மொழியில் பதறிய தவச்செல்வன், நாம் எல்லோரும் ஓம் சொல்லும்போது ஆட்டுவதுபோலத் தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினான்.

புர்க்கி அந்தத் தலையையே பார்த்தார். விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தவச்செல்வனுக்கும் வெட்கச் சிரிப்பு வந்தது.

திடீரென்று முதலாளியின் சிரிப்பு நின்றது.

“அடக் கடவுளே! அப்படியென்றால் சமைக்க வருகிறாயா என்று கேட்டபோதும் நீ... திங்கட்கிழமை அந்த வேலைக்கு ஓர் இத்தாலிக்காரன் வருகிறானே!”