ழ வரும் வரைக்கும்

"வாழைப்பழம். எங்க, சொல்லு."

"வாயப்பயம்."

"ய இல்லடி, ழ. நாக்க மடி. இன்னும் உள்ள மடி."

நாலு வயது யசோதரா நாக்கை முழுசாக வெளியே நீட்டிக் காட்டினாள்.

மலர்க்கொடிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று நாளாகப் படப் புத்தகத்தில் அதே பக்கம். எழுதச் சொன்னால் சுழித்து அழகாக எழுதிவிடுகிறாள். சொல்லச் சொன்னால் 'ய'விலேயே நிற்கிறாள்.

"நைனா, நீ சொல்லு!" குழந்தை ஓடிப்போய் அப்பாவின் முதுகில் தொங்கியது.

ஜெயவேல் எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான்.

"வாயப்பயம்!" என்றான் சந்தோஷமாக.

குழந்தை கைதட்டிச் சிரித்தது.

"பாத்தியா? எல்லாம் உன்னாண்டருந்துதான் வருது" என்றாள் மலர்க்கொடி.

"இன்னா மலரு, வாயப்பயம்னா இனிக்காதா?"

அவள் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நுங்கம்பாக்கத்தில் ஒரு ஆபீசுக்கு வேலை கேட்டுப் போயிருந்தாள். "தமிய் மீடியம் சார்" என்றாள். கேட்டவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். அந்த அறையில் எழுந்த சிரிப்பு திருவொற்றியூர் வரைக்கும் பஸ்ஸில் கூடவே வந்தது. அதன் பிறகு ஆறு மாசம் தனியாகச் சொல்லிச் சொல்லி 'ழ'வைப் பிடித்துவிட்டாள். வேலை கேட்டுத்தான் மறுபடி எங்கேயும் போகவில்லை.

"ஜூன்ல ஸ்கூல்ல சேக்கணும். நாலு பேர் முன்னாடி இவளும் என்ன மாதிரி நிக்கக் கூடாதுய்யா. இவ வாய்ல ழ உக்கார்ற வரைக்கும் நீ இவகிட்ட பேசாத."

"இன்னா?"

"பேசாதன்னா பேசாத."

ஜெயவேல் படப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். "சரி" என்றான்.

அன்றிலிருந்து பேசவில்லை. குழந்தை கதை கேட்டால் மலர்க்கொடி பக்கம் கையைக் காட்டினான். சோறு ஊட்டும்போது தானே வாயைத் திறந்து காட்டினான். ஏதோ விளையாட்டு என்று நினைத்து யசோதராவும் முதலில் பதிலுக்கு ஜாடை காட்டினாள்.

பதினைந்தாம் நாள் ஜன்னலில் நின்று கத்தினாள். "அம்மா, மழ! மழ!"

மலர்க்கொடி அவளைத் தூக்கிச் சுற்றினாள். "இன்னொரு வாட்டி சொல்லுடி என் தங்கம்!"

"மழ! வாழப்பழம்!"

அன்று சாயங்காலம் ஜெயவேல் உள்ளே நுழைந்ததுமே சொன்னாள். "வந்துட்ச்சுய்யா! இனிமே நீ தாராளமா பேசு."

அவன் மகளின் தலையைத் தடவினான். சிரித்தான். பேசவில்லை.

மறுநாளும் பேசவில்லை. மலர்க்கொடியிடம் பேசினான், போனில் பேசினான். குழந்தை பக்கத்தில் வந்தால் வாயை மூடிக்கொண்டான். இப்படியே ஒரு மாசம் ஓடிவிட்டது. யசோதரா அவன் முதுகில் தொங்குவதை விட்டுவிட்டாள். பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவதும் நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை மலர்க்கொடி வெடித்துவிட்டாள்.

"அன்னிக்கு ஏதோ ஆத்திரத்துல சொல்ட்டேன். அதுக்கு இத்தினி ரோஷமா? பெத்த கொயந்த உன் மூஞ்சியப் பாத்து ஏங்கிகினு கீது. கல்லாய்யா நீ?"

'கொயந்த' என்றுதான் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

"கொஞ்ச நாள் பொறு மலரு" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டான் ஜெயவேல்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அலெக்ஸாண்டர் வந்தான். ஜெயவேலோடு லாரி ஓட்டுகிறவன்.

"இன்னா அண்ணி, பாப்பாகிட்ட பேசிட்டானா?"

"உங்களுக்கும் தெரியுமா தம்பி? நீங்களாவது கேளுங்க. புள்ளைகிட்ட போய் யாராவது வீம்பு புடிப்பாங்களா?"

"வீம்பா?" அலெக்ஸாண்டர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "ஹார்பர் கேட்ல லாரி லைன் லேசுல நவுறாது அண்ணி. நாங்கல்லாம் எறங்கி டீ குடிப்போம். இவன் மட்டும் கண்ணாடிய ஏத்திகினு, கேபின்ல தனியா உக்காந்து பேசிகினு இருப்பான். செல்போன் கேமராவுல தன் வாயப் பாத்துகினு நாக்க மடிச்சு மடிச்சு சொல்வான். நாங்க எவ்ளோ கலாய்ச்சாலும் உடமாட்டான். கேட்டா, 'என்னால என் பொண்ணு எங்கயும் தலகுனிஞ்சு நிக்கக் கூடாது மாமு'ன்றான்."

மலர்க்கொடிக்குப் புரியவில்லை. "பாப்பாக்குதான் ழ வந்து ஒரு மாசம் ஆவுதே?"

"பாப்பாக்கு வந்துட்ச்சு அண்ணி. அவனுக்கு இன்னும் வர்லயே."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயவேல் மீன் பையோடு உள்ளே வந்தான். மலர்க்கொடி அதை வாங்கி அப்படியே தரையில் வைத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழந்தை முன்னால் உட்கார வைத்தாள்.

"பேசுய்யா. உனக்கு எப்டி வருதோ அப்டியே பேசு."

குழந்தையை அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஜெயவேல் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பாப்பா... நைனாகூட கீய போய் வெள்ளாடலாமா?"

யசோதரா அவனைப் பார்த்தாள். பிறகு, பதில் சொல்லலாமா என்று கேட்பதுபோல், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.