கேட்காத காது

"அவனுக்கெல்லாம் காது எதுக்குய்யா?" என்று டீக்கடை பெஞ்சில் எகிறிக்கொண்டிருந்தார் நாகரத்தினம்.

கீழ்வேளூர் கொட்டகையில் பறக்கும் வீரன் படம் மூன்றாவது வாரமாக ஓடுகிறது. மதியக் காட்சி பார்த்துவிட்டு வந்தவருக்கு முடிவு பிடிக்கவே இல்லை.

"ஏழு கடலுக்கு அப்பால ஊசி விழுந்தாக்கூட அவனுக்குக் கேக்குமாம். கடைசியில ஊரே பத்தி எரியுது, ஜனங்க அலறுது. அது மட்டும் கேக்கலையாம்! எல்லாம் எரிஞ்சப்புறம் வந்து நிக்கிறான். நியாயமா இருக்கா?"

"சினிமாதானே, விடுங்கண்ணே" என்றார் கடைக்காரர் கலந்தர்.

"எப்படிய்யா விடுறது? சக்தி இருக்கிறவன் சும்மா நின்னா, அவனும் கொளுத்தினவனும் ஒண்ணுதான்!"

பெஞ்சே தலையாட்டியது.

கடைக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்த எல்லையம்மாளும் இதைக் கேட்டாள். போன மாத மழையில் மண்சுவர் ஊறி விழுந்து அவள் மகள் ஜெயா செத்துப்போயிருந்தாள்.

வடிகால் மதகைத் திறந்திருந்தால் அவள் தெருவில் தண்ணீர் நின்றிருக்காது. ஆனால் மிராசுதாரின் நடவு முழுகியிருக்கும். சர்க்கார் சட்டம் போட்ட கூலியைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த தெரு அது, அவர் கறுவிக்கொண்டிருந்தார். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர், இதே நாகரத்தினம்தான்.

"அய்யா, எம்புள்ளை செத்ததுக்கு நாளைக்கு விசாரணை. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள் எல்லையம்மாள்.

நாகரத்தினம் நிமிரவில்லை.

"சொல்றேன், போ."

அப்போது நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தார், பாவம்.

மறுநாள் சாவடியில், விசாரிக்க வந்த ரெவின்யூ அதிகாரி ஆர்.டி.ஓ.வுக்குப் பக்கத்து நாற்காலியில் மிராசுதார் உட்கார்ந்திருந்தார். நாகரத்தினத்துக்கு லஸ்கர் வேலை கிடைத்ததே அவர் சிபாரிசில்தான். வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

ஆர்.டி.ஓ. கேட்டார்: "மதகைத் திறக்கச் சொல்லி இந்தம்மா உன் வீட்டுக் கதவைத் தட்டிக் கத்தினாங்களாமே. கேட்டுச்சா?"

கேட்டது. 'புள்ளை உள்ள இருக்குய்யா' என்ற அந்தக் குரல் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தாழ்ப்பாளில் கை வைத்தபடி உள்ளேயே நின்றவர் அவர்.

தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"மழை இரைச்சலுங்க. ஒண்ணும் கேக்கலைங்க."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியே எல்லையம்மாள் நின்றிருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டே நடந்தார். அவள் அழக்கூட இல்லை.

"அந்தப் படத்துல அவன், எல்லாம் எரிஞ்சப்புறமாவது வந்தான்ல, அய்யா" என்றாள்.