ஆளாளுக்கு ஒரு தலைமை

"இந்தாங்க, நாலாவது ஆளு. இவரும் தலைமை தாங்கிட்டாரு!"

மார்லீன் கையிலிருந்த விண்ணப்பத்தை மேசைமேல் வீசினார். எதிரே இருந்த வெஸ்லி தன் காபிக் கோப்பையைச் சட்டென்று தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மார்லீன் எங்கள் சாலைத்துறை அலுவலகத்தின் தலைவி. வெஸ்லி ஆள் எடுக்கும் பிரிவு. ஒரு நிரந்தர குமாஸ்தா வேலைக்கு ஐந்து பேர் போட்டி.

அமெரிக்காவில் எங்கள் மொன்டானா மாநிலத்தில் அரசாங்க வேலைக்குப் படிப்பை மட்டும் எழுதினால் போதாது. தலைமைப் பண்பு உண்டு என்றால், எங்கே, எப்போது, என்ன செய்தாய் என்று ஒரு சம்பவத்தைக் கதையாக எழுதி நிரூபிக்க வேண்டும்.

எங்கள் ஊரில் சம்பவத்துக்கு எங்கே போவது? நடந்ததே ஒன்றுதான். போன குளிர்காலத்துப் பனிப்புயலில் பள்ளிக்கூட பஸ் நெடுஞ்சாலையில் சிக்கியது. பனி தள்ளும் வண்டி போய்ப் பிள்ளைகளை மீட்டது. அவ்வளவுதான்.

"கேளுங்க இதை. 'கொட்டும் பனியில் தன்னந்தனியாக நான் மீட்புப் பணிக்குத் தலைமை தாங்கினேன்.' யாரு? நம்ம கர்ட்டிஸ்! அன்னைக்கு அவன் ஊர்லயே இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு அரிசோனா போயிருந்தான்."

"போன்லயே தாங்கியிருப்பான்."

"சிரிக்காதீங்க, வெஸ்லி. எல்லாரும் தலைமை தாங்கினா பஸ்ஸை யாரு தோண்டினது? இந்தப் புளுகுமூட்டைங்களுக்கு அரசாங்க உத்தியோகம் ஒரு கேடா?"

மார்லீனின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பாராட்டுப் பலகை. 'பனிப்புயல் மீட்பில் சிறந்த தலைமைக்காக மார்லீனுக்கு' என்று பொன்னெழுத்தில் மின்னியது. வெஸ்லி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காபிக்குத் திரும்பினார்.

"ரெண்டாவது கேள்விக்குப் பதில் இன்னும் அழகு. 'நீங்கள் செய்த ஒரு தவறு.' ஒருத்தருக்கு அளவுக்கு மீறி உழைக்கிறதுதான் தப்பாம். கர்ட்டிஸுக்குப் பணிவு ஜாஸ்தியாம்!"

"கடைசியா வெர்னா இருக்கா," என்றார் வெஸ்லி.

வெர்னா அதே அலுவலகத்தில் தற்காலிக ஊழியை. இந்த வாரத்தோடு சீட்டுக் கிழிகிறது. இந்த வேலை கிடைக்காவிட்டால் மருத்துவக் காப்பீடும் போய்விடும். மகனுக்கு ஆஸ்துமா. பாவம், அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வெஸ்லி படித்தார்.

"'பனிப்புயலன்று, பனி தள்ளும் வண்டி நிற்கும் கொட்டகையின் சாவியைத் தொலைத்துவிட்டேன். பூட்டை அறுக்க வேண்டியதாயிற்று. அதனால் மீட்பு தாமதமானது. பிறகு எல்லாச் சாவிகளுக்கும் பெயர் எழுதி, பலகை அடித்து மாட்டினேன்.'"

படித்து முடித்துச் சிரித்துவிட்டார்.

"ஊரே 'சாவி வெர்னா'ன்னு கூப்பிடுது. சாப்பாட்டுக் கடையில டாய்லெட் சாவியைக்கூட அவ கையில குடுக்க மாட்டேங்கறாங்க. தெரியாத நாலு பேருக்கு இவளே வேற எழுதிக் காட்டறா!"

"தலைமைக்கு என்ன எழுதியிருக்கா?"

"பூட்டு அறுபடற வரைக்கும் பிள்ளைங்களோட அம்மாக்களுக்குப் போன் பண்ணித் தைரியம் சொன்னாளாம். இதெல்லாம் ஒரு தலைமையா? பூஜ்யம் போட்டுடவா?"

மார்லீன் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்லீன்? உங்களைத்தான்."

"முழு மார்க் போடுங்க."

"என்னது! சாவியைத் தொலைச்சவளுக்கா? காரணம் எழுதணுமே. சும்மாவே கையெழுத்துப் போட நான் என்ன தலையாட்டி பொம்மையா?"

மார்லீன் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வெஸ்லிக்கே மனசு கொஞ்சம் இளகியது. "சரி, அவளுக்கும் வேலை வேணும். 'அஞ்சு பேர்ல நிஜத்தை எழுதினவ இவ ஒருத்திதான்'னு எழுதிடட்டா?"

"அப்படி எழுதிடாதீங்க. அவ எழுதினதும் பொய்தான்."

"அவளுமா?"

மார்லீன் எழுந்தார். சுவரிலிருந்த பாராட்டுப் பலகையைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் அப்பத்தான் இந்தப் பதவிக்கு வந்திருந்தேன். வேலை இன்னும் உறுதியாகலை. மீட்பு முடிஞ்சதும் மேலிடத்துலேருந்து வந்தவரு 'சாவி யாருகிட்ட இருந்துச்சு?'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. வெர்னா என் முகத்தைப் பார்த்தா. 'நான்தான் சார் தொலைச்சுட்டேன்'னுட்டா. அப்புறமா உண்மையைச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்தப் பலகை வந்துடுச்சு."

வெஸ்லியின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அப்போ அந்தச் சாவி?"

மார்லீன் கதவோரம் தொங்கிய தன் குளிர்கோட்டைக் காட்டினார்.

"பையிலதான் இருந்துச்சு. பூட்டை அறுத்தப்புறம்தான் கையில தட்டுப்பட்டுச்சு. இன்னைக்கும் அங்கேதான் இருக்கு."