அவரவர் சரக்கு

“கப்பு அடிக்காத ஆட்டம் என்ன ஆட்டம் அண்ணாச்சி? ஊர் ஊரா போயி முப்பது பாயிண்டு, நாப்பது பாயிண்டுன்னு போட்டுட்டு, கடைசியில வெறுங்கையோட பஸ் ஏறுனா அது ஒரு பெருமையா?” என்றாள் நெட்டையாக இருந்தவள்.

“நீ சும்மா கெட ஏட்டி,” என்று குட்டையானவள் மறித்தாள். “கப்பு டீமுக்குக் குடுக்கது அண்ணாச்சி. கூட நாலு நல்ல ஆளு இருந்தா யாரு வேணும்னாலும் வாங்கலாம். ஒத்தையில நின்னு முப்பது பாயிண்டு போடுதா பாருங்க, அவதான் ஆட்டக்காரி.”

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அய்யாத்துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். அந்த வருஷம் உலகக் கோப்பை பைனலில் இந்தியா தோற்றபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் பாஸ்கெட்பால்? அதில் அவர் சுத்த சைபர்.

இருந்தாலும் தன்னிடம் வேலை செய்கிறவர்களின் பெண் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று, குச்சி காயப்போடும் களத்துக்குப் பின்னால் ஒரு கோர்ட்டு போட்டுக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடினார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. இப்போது வேலை ஒன்று, வந்திருப்பவர்கள் இரண்டு பேர்.

கணக்குப்பிள்ளை காலையிலேயே விவரம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பூங்கொடி, கடம்பூர் டீம். இந்த வட்டாரத்தில் அவளைப் போலப் பாயிண்ட் போட்டவள் கிடையாது, ஆனால் பேருக்கு ஒரு கப்புகூட வாங்கியதில்லை. இப்போது புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிறாள். சுதாராணி, கோவில்பட்டி டீமின் கேப்டன். வாங்காத கப்பே இல்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த மில் மூடிவிட்டதால், பாவம், வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டுகிறாள். இரண்டு பேரும் பத்து வருஷம் எதிரெதிராக ஆடியவர்கள்.

பத்து வருஷப் பகை, பின்னே எப்படிப் பேசுவார்கள் என்று அய்யாத்துரை நினைத்துக்கொண்டார். அவருக்கு இதெல்லாம் பழக்கம்தான். முப்பது வருஷமாகத் தீப்பெட்டி விற்கிறார். தன் சரக்கைத் தூக்கிப் பேசாத ஒரு ஆளை அவர் இன்னும் பார்த்ததில்லை.

“கிரிக்கெட்லயும் இதே கததான்,” என்றார் உற்சாகமாக. “நம்மாளு நூறு அடிச்சிருப்பான், மேட்ச்சு போயிரும்!”

“அது அடிச்சவன் குத்தமா?” குட்டை சீறினாள். “மத்த பத்துப் பேரும் என்ன செஞ்சானுவ?”

“சரி சரி. எம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க எந்த ஆளு லாயக்கு? அதச் சொல்லுங்க.”

“பாயிண்டு போடுதவதான். அவ கையப் பாத்தாலே பிள்ளைக பாதி ஆட்டம் படிச்சிரும். நாலு பேரு மறிச்சாலும் பந்து கூடைக்குள்ள போயி விழும் அண்ணாச்சி. நாலு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிப்பாளுவ!”

அடேயப்பா, எவ்வளவு தற்பெருமை என்று அய்யாத்துரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அதான் கோளாறே,” நெட்டை விடவில்லை. “பந்து கைக்கு வந்தா அடுத்தவளுக்குக் குடுக்கத் தோணாது. தான் மட்டும் ஆடத் தெரிஞ்சவ என்னத்தச் சொல்லிக்குடுப்பா? கப்பு வாங்குனவ அப்படியில்ல. ஒதுங்கி நிக்குத பிள்ளையக் கூப்புட்டு, ‘ஏட்டி, நீ போடு’ன்னு பந்தக் குடுப்பா. மேட்ச்சு முடியும்போது அந்தப் பிள்ளையும் நாலு கூடை போட்டிருக்கும்.”

“வாய மூடுதியா இல்லியா?” குட்டைக்குக் கண் கலங்கிவிட்டது.

நெட்டை பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து உடைத்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினாள். குட்டையும் முறைத்துக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இது என்ன மாதிரிச் சண்டையோ, அய்யாத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜன்னல் வழியே கோர்ட்டைப் பார்த்தார். ஒருத்தி மட்டும் பந்தை வைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். குச்சி அடுக்கும் முப்பிடாதியின் மகள் பந்து தன் பக்கம் வருமா என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஓரமாகக் கரிசல் மண்ணில் காலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“கப்புதான்!” என்று மேஜையைத் தட்டிவிட்டு நெட்டையைப் பார்த்தார். “நீ சொன்னதுதாம்மா சரி. சுதாராணிக்குத்தான் வேலை. நாளைக்கே வந்துரணும். இருக்க வீடும் இங்கனயே தாரேன்.”

நெட்டையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். குட்டை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

அய்யாத்துரை பதறிப்போனார். “அழாத தாயி. பூங்கொடி, நீ மனசு வருத்தப்படக் கூடாது.”

நெட்டை எழுந்து குட்டையைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு என்ன வருத்தம் அண்ணாச்சி? நாந்தான் பூங்கொடி. இந்தா அழுதாளே, இவதான் சுதாராணி. பத்து வருசமா பைனலுக்குப் பைனல் இவகிட்ட தோத்தேன், இன்னைக்குத்தான் ஜெயிச்சிருக்கேன்!”